ஓப்பல் கரையில் ஒரு கூடாரம்

கூடாரமிட்டுத் தங்கும் இடத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. பாசறை, பாடி, கட்டூர், படைவீடு என அவை நீளும். முல்லைப்பாட்டில் மன்னனின் பாசறையைக் காட்டும் நப்பூதனார், அங்கே யவனரைக் காவலுக்கு நிறுத்துகிறார். நெடுநல்வாடையிலோ நள்ளிரவில் உறக்கமின்றிப் புண்பட்ட வீரரைக் காணப் புறப்படும் வேந்தனை நக்கீரர் காட்டுகிறார். இவற்றையெல்லாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். ஆயின் இச்சொற்கள் அனைத்தும் போரோடு பிணைந்தவை. ஓய்வுக்காகவும் இன்பத்துக்காகவும் நல்ல வீட்டைப் பூட்டிவிட்டுத் துணிவீட்டில் போய்த் தங்குவதற்கு நம்மிடம் தனிச்சொல் ஒன்றும் இல்லை. வழக்கம் இருந்தால்தானே சொல் பிறக்கும்!

பிரெஞ்சு மக்களிடம் அவ்வழக்கம் வேரூன்றியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1936ஆம் ஆண்டு அந்நாட்டில் ஆட்சிக்கு வந்த மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர் அனைவருக்கும் ஊதியத்துடன் கூடிய இரண்டு வார விடுப்பைச் சட்டமாக்கியது. அதுவரை கடலையே கண்டிராத ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் மிதிவண்டியிலும் தொடர்வண்டியிலும் கடற்கரை நோக்கிப் புறப்பட்டன. விடுதியில் தங்கப் பணமில்லாதோர்க்குக் கூடாரம் கைகொடுத்தது. அவ்விடுப்பு 1982இல் ஐந்து வாரமாக வளர்ந்தது. இன்று சிற்றூர்களிலும் கூடாரத் திடல்கள் உள்ளன. பல இடங்களில் அவற்றை நகராட்சியே நடத்துகிறது. 'கம்ப்பிங்' என்றால் அங்கே குழந்தைக்கும் தெரியும்.

நம் துணைவியாரின் தமையனார் குடும்பம் பாரிசின் புறநகரில் வாழ்கிறது. பூர்வீகம் காரைக்கால். அவர்தம் பாட்டனார் பிரெஞ்சுப் படையில் 'சொல்தா'வாகச் சேர்ந்து சைகோன் வரை சென்று மீண்டவர். 1962ஆம் ஆண்டின் ஆட்சி மாற்ற ஒப்பந்தத்தின்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக் கொண்டவர்களுள் அவரும் ஒருவர். 2023ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த சில நாள்களில் மைத்துனரின் மூத்த மகளுக்குத் திருமணம் நடைபெற்றது. அதற்கென நாமும் துணைவியாரும் சென்றிருந்தோம். நிக்காஹ் முடிந்த மறுவாரமே, "மச்சான், வந்தது வந்தீங்க, எங்களோட ஒன்பது நாள் கடற்கரைக்கு வாங்க" என்றார் மைத்துனர். தங்குவது கூடாரத்தில் என்பதைக் கேட்டுத் துணைவியார் திகைத்தார். காரைக்காலிலிருந்த நம் மாமியாரோ, தொலைபேசியில் செய்தியறிந்து, "மினாவுல கூடாரத்துல தங்கினா நன்மை உண்டு. அங்க தங்கி என்ன கிடைக்கப்போவுது?" என்று கேட்டார்கள். அதற்கு எவரிடமும் விடையில்லை.

நாம் சென்ற கரைக்கு ஓப்பல் கரை என்று பெயர். பிரான்சின் வடகோடியில், பெல்சிய எல்லை தொடங்கித் தெற்கு நோக்கி ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளும் கரை அது. எதுவார் லெவெக் என்னும் ஓவியர் 1911இல் இப்பெயரைச் சூட்டினார். ஓப்பல் மணியில் வண்ணம் ஓரிடத்தில் நில்லாது மாறிக்கொண்டே இருப்பதுபோல், இக்கடலின் ஒளியும் நாழிகைக்கு ஒரு நிறம் காட்டும் என்பது காரணம். காலையில் சாம்பல், நண்பகலில் பச்சை, மாலையில் பால் என நாமே கண்டோம். பெயரிட்டவர் பொய் சொல்லவில்லை.

இக்கரையில் இரண்டு முனைகள் கடலுக்குள் நீண்டு நிற்கின்றன. ஒன்று கப் பிலான்-நே, மற்றது கப் கிரி-நே. வெண்மூக்கு, சாம்பல்மூக்கு என்று பொருள் கொள்ளலாம். நாம் முனை என்பதையும் கோடி என்பதையும் அரபியர் 'ராஸ்', அதாவது தலை என்பர். இவர்கள் மூக்கு என்கின்றனர். வெண்மூக்கு 134 மீட்டர் உயரமுள்ள சுண்ணப்பாறைச் செங்குத்து. சாம்பல்மூக்கு அதில் பாதி உயரமும் இல்லை. ஆனால் இங்கிலாந்துக்கு மிக அருகிலுள்ள பிரெஞ்சு மண் அதுவே. இடையிலுள்ள நீர் ஏறத்தாழ 33 கிலோமீட்டர்தான். இவ்விரு முனைகளுக்கும் நடுவே வளைந்து கிடக்கும் குடாவின் கரையில் விசான் என்றொரு சிற்றூர். அவ்வூரை ஒட்டிய திடலில் இரண்டு கூடாரங்கள் அடித்தோம்.

திடலின் ஒழுங்கைச் சொல்லியே ஆகவேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் புதர்வேலியிட்ட சிறு மனை, அதில் ஒரு மின்னிணைப்பு. குளிப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் பொதுக் கட்டடம். இரவு பத்து மணிக்குமேல் உரத்த பேச்சு கூடாது. மருத்துவரும் சுமையுந்து ஓட்டுநரும் ஒரே தொட்டியின் இருபுறம் நின்று தட்டு கழுவினர். நம் மைத்துனர் தம் வீட்டில் ஒரு குவளையைக்கூட எடுத்து வைக்காதவர். இங்கே கறிச்சட்டியைத் தேய்த்துக் கொண்டிருந்ததைத் துணைவியார் படமெடுத்துக் காரைக்காலுக்கு அனுப்பினார்.

தொழுகை நேரங்கள்தாம் நம்மைச் சோதித்தன. சூலைத் திங்களில் அங்கே ஞாயிறு மறைய இரவு பத்து மணியை நெருங்குகிறது. மஃரிபு முடித்து இஷாவுக்குக் காத்திருந்தால் நள்ளிரவாகிறது. கிப்லா தென்கிழக்கு. நாற்பது ஆண்டுகள் மேற்கு நோக்கித் தொழுது பழகிய உடல், ஞாயிறு விழும் பக்கத்துக்கே தானாகத் திரும்பியது. இதனுடன் கைப்பேசி வேறு குழப்பம் செய்தது. வெண்மூக்கின் மேலேறி நின்றால் அக்கரையின் இங்கிலாந்துக் கோபுர அலைகளை அது பற்றிக்கொள்கிறது. உடனே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னோக்கி ஓடிவிடுகிறது. இறங்கி வந்தால் மீண்டும் பிரெஞ்சு நேரம். அஸர் நேரத்தை அறிய மைத்துனரின் பழைய கைக்கடிகாரமே நமக்கு உதவிற்று.

உணவைப் பற்றியும் ஒரு சொல். அக்கரையில் கல்லிறுக்கிச் சிப்பியை வேகவைத்து, உருளைக்கிழங்கு வறுவலோடு பெருஞ்சட்டியில் தருகின்றனர். மைத்துனர் வீட்டார் ஷாஃபி மத்ஹபினர். நாம் ஹனஃபி. அவர்கள் மகிழ்வோடு சிப்பி உண்ண, நாம் வறுவலோடு நிறுத்திக்கொண்டோம். "மாமாவுக்கு மீன் இருக்கு" என்று மருமகன் பரிந்து வாங்கி வந்தான். இச்சட்டப் பிரிவு அவனுக்குப் பெருவியப்பு.

நெய்தல் நிலத்தில் பிறந்து வளர்ந்தவர்க்கும் அக்கடல் புதிது. காரைக்காலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரையும் எட்டாது. இங்கோ பருவ ஓதக் காலத்தில் எட்டு மீட்டர் அளவுக்கு நீர் உயர்ந்து தாழ்கிறது. காலையில் கண்ட கடல் நண்பகலில் எங்கோ பின்வாங்கிக் கிடக்கும். இறுகிய ஈரமணலில் சிறுவர் பந்தாடுவர், முதியோர் வலை தள்ளி இறால் வாருவர். மாலையில் கடல் வந்து ஆடுகளத்தை எடுத்துக்கொள்ளும். இத்தகைய கரையில் துறைமுகம் இன்றித் தொழில் செய்வதற்கென்றே 'புளோபார்' என்னும் படகு உருவாயிற்று. தட்டையான அடியும் அகன்ற வயிறும் உடைய மரப்படகு அது. உழவு எந்திரத்தால் மணல்மீது இழுத்துச் சென்று நீரில் விடுகின்றனர். ஒரு காலத்தில் ஆள்களும் குதிரைகளுமே இழுத்தனராம். கட்டுமரத்தைத் தோள்கொடுத்துக் கரையேற்றும் நம் மீனவரை அவர்கள் கண்டால் உடனே உறவு கொண்டாடுவர்.

சாம்பல்மூக்கில் நின்றபோது நம் நாட்டார் சிலரை நினைத்தோம். 1959 செப்டம்பர் 29 அன்று ஆரத்தி சாகா அம்முனையில்தான் நீரில் இறங்கினார். 16 மணி 20 நிமிடம் நீந்தி இங்கிலாந்தின் சேண்ட்கேட் கரையைத் தொட்டார். கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் அவரே. 1994இல் தமிழகத்துச் சிறுவன் குற்றாலீசுவரன் பன்னிரண்டு வயதில் இதே நீரைக் கடந்தான். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனுக்கு அது வாய்க்கவில்லை. 1971இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் நீந்திக் காட்டிய அப்பெருவீரர், 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர்நீத்தார். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட தொலைவும் இதே அளவினதுதான். ஆனால் அந்த நீர் வெதுவெதுப்பானது. இங்கே கோடை நண்பகலில் முழங்கால் அளவு இறங்கினாலே எலும்பு சில்லிடுகிறது.

திடலில் இருந்தபடியே ஒவ்வொரு நாளும் ஓரிடம் சென்று திரும்பினோம். பகலில் எங்குச் சென்றாலும் ஏதோ ஒரு காலத்தில் யாரோ கூடாரமிட்ட இடமாகவே அது அமைந்தது.

கலே நகருக்குத் தெற்கே, கீன் ஊருக்கும் ஆர்த்ர் ஊருக்கும் இடையிலுள்ள வயல்களில் 1520 சூனில் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியும் பிரான்சின் முதலாம் பிரான்சுவாவும் சந்தித்தனர். பொன்னிழைத் துணியால் கூடாரங்கள் அமைத்துப் பதினெட்டு நாள்கள் விருந்தாடினர். அவ்விடம் இன்றளவும் பொன்துணிக் களம் என்றே அழைக்கப்படுகிறது. விருந்துண்ட இரு நாடுகளும் ஈராண்டில் போரிட்டுக்கொண்டன என்பது வேறு கதை.

புலோன் நகரில் நெப்போலியன் 1803 முதல் 1805 வரை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரரைப் பாசறையில் வைத்திருந்தார். இங்கிலாந்தின்மீது படையெடுப்பதே நோக்கம். 1799இல் எகிப்திலிருந்து திப்பு சுல்தானுக்கு மடல் விடுத்த அதே நெப்போலியன்தான். அம்மடல் திப்புவின் கைக்குக் கிட்டவில்லை. அவ்வாண்டு மே திங்களில் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. இங்கிலாந்தையும் நெப்போலியனால் தொட முடியவில்லை. இப்பாசறை 1805 ஆகஸ்டில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டுப் போயிற்று. இன்று 53 மீட்டர் உயரத் தூண் ஒன்று மட்டும் நிற்கிறது. புலோனில் 1991இல் திறக்கப்பட்ட நோசிக்கா கடல் காட்சியகத்தையும் கண்டோம். பிள்ளைகள் அங்கேயே நாள் முழுதும் இருக்க விரும்பினர். நமக்கோ வேறோரிடம் செல்ல வேண்டியிருந்தது.

புலோனை ஒட்டியுள்ள புனித மார்ட்டின் என்னும் ஊரில் மீரட் படை மயானம் என்றொரு சிறு அடக்கத்தலம் இருக்கிறது. முதல் உலகப்போரில் பிரித்தானிய இந்தியப் படை 1914 செப்டம்பரில் மார்செய்த் துறையில் வந்திறங்கியது. காயமுற்றோர்க்கும் நோயுற்றோர்க்கும் என புலோனில் இந்திய மருத்துவமனை அமைந்தது. அங்கு மாண்டவர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இங்கே உறங்குகின்றனர். முஸ்லிம்களின் கல்லில் அரபி எழுத்து, சீக்கியரின் கல்லில் குர்முகி, இந்துக்களின் கல்லில் தேவநாகரி. வேண்டுகோள் விடுக்கவும் மன்றாடவும் இனி எவருமில்லாத அயல்மண்ணில், கல்லில் எழுதிய 'ஹுவல் கஃபூர்' என்னும் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தோம். அவன் மன்னிப்பவன் என்பது பொருள். தம்மோடு பகையில்லாத மன்னர் ஒருவரின் பகைக்காக, தம்மை ஆண்ட மன்னர் ஒருவரின் ஆணையால் வந்தவர்கள் இவர்கள். மைத்துனர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "என் பாட்டனாரும் இப்படித்தானே மச்சான் போனாரு. திரும்பி வந்ததால நாங்க இருக்கோம்" என்றார். ஃபாத்திஹா ஓதித் திரும்பினோம்.

அடுத்த போரில் இக்கரை மீண்டும் நம்மவரைக் கண்டது. 1939 டிசம்பரில் இந்தியப் படையின் நான்கு கோவேறு கழுதைக் குழுக்கள் பிரான்சு வந்தன. பெரும்பாலோர் பஞ்சாபு முஸ்லிம்கள். முற்றும் எந்திரமயமாகியிருந்த பிரித்தானியப் படைக்கு, பனியிலும் சேற்றிலும் பொதி சுமக்க விலங்கு வேண்டியிருந்தது. 1940 மே 26 முதல் சூன் 4 வரை டன்கர்க் கரையிலிருந்து 338,226 பேர் கப்பலேற்றப்பட்ட நிகழ்வை உலகறியும். அவருள் இந்தக் கழுதைக்காரரும் இருந்தனர் என்பதைச் சிலரே அறிவர். வீரரை ஏற்றினர். கழுதைகளை ஏற்றவில்லை. நான்கு குழுக்களுள் ஒன்று செருமானியரிடம் சிறைப்பட்டது. டன்கர்க் கடற்கரையில் அன்று வண்ணக் குடைகளின் கீழ்ப் பிள்ளைகள் பனிக்கூழ் உண்டுகொண்டிருந்தனர். அதைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை.

வெள்ளிக்கிழமை சும்ஆத் தொழுகைக்குக் கலே நகருக்குச் சென்றோம். நகர மன்றத்தின் முன்னுள்ள ரோதேனின் சிற்பத்தை முதலில் கண்டோம். 1347இல் பதினொரு திங்கள் முற்றுகைக்குப் பின் கலே பணிந்தபோது, ஊரைக் காக்கத் தம் உயிரை ஈடாகத் தர முன்வந்த ஆறு பெருமக்களின் உருவங்கள் அவை. கழுத்தில் கயிறு, கையில் கோட்டைச் சாவி. வீரரைப்போல் நிமிர்ந்து நில்லாமல் அச்சமும் துயரமுமாய் நிற்கின்றனர். 1895இல் நிறுவியபோது சிலருக்கு இது பிடிக்கவில்லையாம். நமக்கு இதுதான் உண்மையாகப்பட்டது.

பள்ளிவாசலில் வரிசைகள் நிறைந்திருந்தன. நம் வலப்புறம் நின்று தொழுதவர் இருபது வயது மதிக்கத்தக்க சூடானிய இளைஞர். கார்த்தூமில் 2023 ஏப்ரல் 15 அன்று தொடங்கிய போருக்கு முன்பே புறப்பட்டுவிட்டவர் என்றும், வீட்டார் இப்போது எங்கிருக்கின்றனர் என்று தெரியவில்லை என்றும் மருமகன் வழியாக அறிந்தோம். அவரும் விருந்தோம்பல் முறைப்படி நம்மைக் கேட்டார்: எந்த ஊர், எங்கே தங்கியிருக்கிறீர்கள்? "கூடாரத்தில்" என்றோம். அவர் முகம் மலர்ந்தது. "நாங்களும் கூடாரத்தில்தான்" என்றார். பிறகு நம் மேலாடையையும் மகிழுந்துச் சாவியையும் நோக்கினார். நம் கூடாரம் எத்தகையது என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே சலாம் சொல்லிப் பிரிந்தார்.

மொழியாசிரியர் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். முகாம் என்னும் சொல் அரபியிலிருந்து வந்தது. தங்குமிடம் என்பதே அதன் பொருள். நம் மண்டபம் முகாமை நாடறியும். பாக்கு நீரிணையைப் படகில் கடந்து வந்தோர் தங்கிய இடம். அத்தகைய இடங்களை 2021இல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றிற்று. அகதி என்ற சொல் உறுத்தியதால் வந்த மாற்றம் அது. கலேயில் அந்நாகரிகமும் இல்லை. 1999இல் சங்காத்தில் செஞ்சிலுவைச் சங்கம் நடத்திய புகலிடம் 2002இல் மூடப்பட்டது. அதன்பின் காடுகளிலும் மணல்மேடுகளிலும் தாமே தங்கிய ஆப்கானியர் தம் இடத்தை 'சங்கல்', அதாவது காடு, என்றனர். நம் நாட்டுச் சொல்தான். ஆங்கிலேயர் அதை 'ஜங்கிள்' என்றாக்கி இழிபொருள் ஏற்றினர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அப்பெருமுகாம் 2016 அக்டோபரில் அகற்றப்பட்டது. மக்கள் அகலவில்லை. இரண்டொரு நாளுக்கு ஒருமுறை காவலர் வந்து சிறு கூடாரங்களைக் களைவதும், வேறிடத்தில் அவை மீண்டும் முளைப்பதும் அங்கே வாடிக்கை. இரவில் காற்றடைத்த படகில் அவர்கள் கால்வாயில் இறங்குகின்றனர். 2021 நவம்பர் 24 அன்று அவ்வாறு சென்ற படகு கவிழ்ந்து 27 பேர் மாண்டனர். நாம் ஊர் திரும்பிய சில வாரங்களில், ஆகஸ்டு 12 அன்று, சங்காத்துக்கு அப்பால் மற்றொரு படகு மூழ்கி ஆறு பேர் இறந்தனர். தொலைபேசியில் மைத்துனர் முதலில் சொன்ன செய்தி, இறந்தவர்கள் ஆப்கானியர் என்பதுதான். நாம் கேட்கவிருந்தது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அச்சும்ஆ இரவில் திடலில் எல்லோரும் உறங்கிய பின்னும் துணைவியார் விழித்திருந்தார். காற்று துணியைப் பிடித்து உலுக்கிற்று. "நாளைக்கு நம்ம கூடாரத்த யாரும் பிடுங்க மாட்டாங்க, இல்லையா?" என்று மெல்லக் கேட்டார். மாட்டார்கள் என்றோம். நெடுநல்வாடையின் வேந்தனுக்காவது உறக்கமின்மைக்கு ஒரு போர் இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை கூடாரங்களைச் சுருட்டினோம். சிறியதைக் கொடுத்துவிடலாமா என்று முதலில் கேட்டவன் மருமகன்தான். பிடுங்கி எறியப்போகும் பொருளைக் கொடுப்பதில் பயனென்ன என்று மைத்துனர் தயங்கினார். "ஒரு ராத்திரி படுத்தாலும் படுத்ததுதானே, வாப்பா" என்றான் அவன். துணைவியார் இரண்டு கம்பளிகளையும் எடுத்து வைத்தார். கலேயில் தொண்டர்கள் நடத்தும் கிடங்கு ஒன்றைத் தேடிக் கண்டோம். அங்கிருந்த முதிய பிரெஞ்சு மாது கூடாரத்தை விரித்துத் துணியில் கிழிசல் உண்டா எனப் பார்த்தார். கம்புகளை எண்ணினார். பிறகு முளைகள் எங்கே என்று கேட்டார். அவசரத்தில் பிடுங்கி ஓடும்போது முளைகள்தாம் மண்ணிலேயே நின்றுவிடுகின்றன என்றும், கூடாரம் கிடைத்தாலும் அவை கிடைப்பதில்லை என்றும் சொன்னார். மைத்துனர் மகிழுந்தின் பின்கதவைத் திறந்து, பெரிய கூடாரத்தின் முளைப்பையையும் எடுத்துக் கொடுத்தார்.